கடலோர வீட்டில் இரண்டு பழைய கார்களுக்குக் கொட்டகை: தரை, ஈரம், லிஃப்ட் குறித்து ஆலோசனை தேவை

கேள்வி – நீலாங்கரை மகள்

அனைவருக்கும் வணக்கம். சென்னை நீலாங்கரையில், கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. அப்பாவிடம் இரண்டு பழைய கார்கள் உள்ளன. ஒன்று, தாத்தா புதிதாக வாங்கிய 1967ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2. மற்றொன்று, அப்பா தம் சொந்தச் சேமிப்பில் வாங்கிய 1970ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர் ஆலையில் செய்யப்பட்ட நம்மூர் வண்டி என்பதால் அதன் மீது அவருக்குத் தனிப் பற்று உண்டு. இரண்டும் நல்ல ஓட்டத்தில் இருக்கின்றன. மாதம் ஒரு முறையாவது மாமல்லபுரம் வரை போய் வருகிறோம்.

இதுவரை அவை வீட்டு முன்புறத்தில், தகரக் கூரையின் கீழே பிளாஸ்டிக் உறை போர்த்தி நின்றன. கடந்த ஆண்டு ஹெரால்டைத் தூக்கிப் பார்த்தபோது, டிக்கிக்குக் கீழே பாடியைத் தாங்கும் அடிச்சட்டக் கைகள் இரண்டும் விரல் நுழையும் அளவுக்கு அரித்துப் போயிருந்தன. அவற்றை வெட்டியெடுத்துப் புதிய தகடு வைத்துப் பற்றவைத்தோம். "வண்டியைப் பழைய இடத்திலேயே நிறுத்தினால் ஐந்து வருடத்தில் இதே வேலைக்கு மறுபடியும் வருவீர்கள்" என்று மெக்கானிக் சொன்ன பிறகுதான், முறையான கொட்டகை ஒன்றைக் கட்டியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வீட்டின் பின்புறம் 26 அடி அகலமும் 24 அடி நீளமும் கொண்ட இடம் காலியாக உள்ளது. தெருவிலிருந்து அங்கே செல்ல, பக்கவாட்டில் 9 அடி அகலத்தில் 40 அடி நீளப் பாதை இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு சாலையை இருமுறை உயர்த்திப் போட்டுவிட்டார்கள் என்பதால், இப்போது எங்கள் மனை சாலையைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. அப்பாவுக்கு வயது 71. முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்றாலும், பிரேக், கார்புரேட்டர் வேலைகளைத் தம் கையாலேயே பார்ப்பதை அவர் விட மாட்டார். பழைய பணிமனைகளில் இருப்பதுபோல நடுவில் ஒரு குழி வெட்டிவிட்டால் போதும் என்பது அவருடைய எண்ணம். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. தரையை எப்படி அமைப்பது, கொட்டகையைத் திறந்து வைப்பதா மூடிக் கட்டுவதா, குழியா லிஃப்டா, அப்பா வலியில்லாமல் வேலை பார்க்க என்னென்ன தேவை என்பவை பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் – அடையாறு கட்டடப் பொறியாளர்

அம்மா, லிஃப்ட், விளக்கு, அலமாரி எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். தரையை மட்டும் மாற்ற முடியாது. ஆகவே தரையைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

முதலில் உயரம். இன்றைய சாலை மட்டத்திலிருந்து குறைந்தது 2 அடி உயரத்தில் கொட்டகையின் தளம் அமைய வேண்டும். சாலை இன்னும் ஒரு முறை உயரும் என்று எண்ணியே கணக்கிடுங்கள். எட்டு அடி நீளத்துக்கு ஓர் அடி ஏற்றம் என்பது பழைய கார்கள் அடிபடாமல் ஏறக்கூடிய சரிவு. இந்தக் கணக்கில் 2 அடி ஏற 16 அடி நீளம் போதும். உங்களிடம் 40 அடிப் பாதை இருப்பதால் இதைவிட மென்மையான சரிவாகவே கட்டலாம். சரிவு தளத்தைத் தொடும் இடத்தில் கூர்மையான விளிம்பு வராமல் சற்று வளைத்து முடிக்கச் சொல்லுங்கள், இல்லையேல் சைலன்சர் உரசும். சரிவின் மேல்முனையில் குறுக்காக ஒரு கம்பிச்சட்ட வடிகால் அமைத்து, மழை நீர் உள்ளே வராமல் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும்.

அடுத்தது, கீழிருந்து ஏறும் ஈரம். உங்கள் பகுதியில் மணலுக்குக் கீழே சில அடிகளிலேயே தண்ணீர் இருக்கும். வெறும் கான்கிரீட் தளம் போட்டால், அது திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஈரத்தை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். காரின் அடிப்பகுதி இரவும் பகலும் அந்த ஆவியிலேயே நிற்கும். ஹெரால்டின் அடிச்சட்டம் அரித்ததற்குக் கடற்காற்று மட்டுமல்லாமல் தரையும் காரணமாக இருந்திருக்கலாம். கிராவல் நிரப்பி நன்றாகத் திமிசு போட்ட பிறகு, மெல்லிய கான்கிரீட் படுகையின் மேல் 250 மைக்ரான் கனமுள்ள பாலித்தீன் விரிப்பை மூட்டுகளில் ஒன்றன் மேல் ஒன்று ஓர் அடி படியும்படி ஒட்டி விரித்து, அதன் மேல் கம்பி கட்டிய, 6 அங்குலக் கனமுள்ள எம்25 தரக் கான்கிரீட் தளம் போடுங்கள். கலக்குவதற்கும் நீராற்றுவதற்கும் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரைப் பயன்படுத்த ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். அந்த உப்பிலுள்ள குளோரைடு, கட்டடத்தின் கம்பியையே பின்னாளில் தின்றுவிடும். லாரித் தண்ணீருக்குச் செலவானாலும் பரவாயில்லை.

எபாக்சி பூச்சு பார்ப்பதற்கு அழகாக இருக்கும், சிந்திய எண்ணெயையும் துடைத்துவிடலாம். ஆனால் ஈரம் அடங்காத தளத்தின் மேல் பூசினால் ஓராண்டிலேயே அப்பளமாக உப்பி உரியும். தளம் போட்டுக் குறைந்தது 28 நாள் கழித்து, ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு ஓரமும் டேப் ஒட்டித் தரையில் ஒரு நாள் விட்டுவையுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி பூத்தாலோ தரை கறுத்துத் தெரிந்தாலோ இன்னும் காத்திருக்க வேண்டும். தரை ஓடு வேண்டாம். ஜாக்கியும் ஸ்டாண்டும் ஒரே புள்ளியில் அழுத்தும்போது, அடியில் வெற்றிடம் இருக்கும் ஓடு நொறுங்கிவிடும்.

இட அளவைப் பொறுத்தவரை, அம்பாசிடர் ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமும் 1.7 மீட்டர் அகலமும் உடையது, ஹெரால்டு 3.9 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். இரண்டையும் அருகருகே நிறுத்தி, சுவரோரம் 90 சென்டிமீட்டரும் நடுவில் 110 சென்டிமீட்டரும் விட்டால் 6.1 மீட்டர், அதாவது 20 அடி உள் அகலம் தேவை. சுவர்களைக் கழித்தாலும் உங்கள் இடத்தில் மிச்சம் இருக்கும்.

குழி வேண்டவே வேண்டாம். நிலத்தடி நீர் மட்டம் உயரும் ஐப்பசி, கார்த்திகையில் அது கிணறாகிவிடும். எவ்வளவு நீர்த்தடுப்புச் செய்தாலும் வெளியிலிருந்து நீர் அழுத்தும் குழியைக் காலமெல்லாம் உலர்ந்து வைத்திருப்பது கடினம். அதைவிடப் பெரிய ஆபத்து பெட்ரோல் ஆவி. அது காற்றைவிடக் கனமானது என்பதால் குழிக்குள் இறங்கித் தேங்கும். அங்கே ஒரு கைவிளக்கின் பொறி போதும். அப்பாவிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பதில் – கோவை ஓட்டுக்கூரை

சகோதரி, என்னிடம் 1972ஆம் ஆண்டு ஃபியட் ஒன்றும் மாரிஸ் மைனர் ஒன்றும் இருக்கின்றன. கோயம்புத்தூரில் மங்களூர் ஓடு வேய்ந்து, மூன்று பக்கம் அரைச்சுவரும் அதற்கு மேல் கம்பி வலையும் வைத்துக் கட்டிய கொட்டகையில் அவற்றை 18 ஆண்டுகளாக நிறுத்தி வருகிறேன். துரு என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை. காற்றோட்டமே பழைய வண்டிக்கு மருந்து என்பது என் கருத்து. மூடிய அறையில் ஈரம் ஒருமுறை புகுந்தால் வெளியே போக வழி இருக்காது. பிளாஸ்டிக் உறையை மட்டும் இன்றே தூக்கி எறியுங்கள். அது வண்டிக்கு வேர்க்க வைத்துக்கொண்டே இருக்கும். மெல்லிய பருத்தித் துணி உறை போதுமானது.

எலிக்கு மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். கம்பி வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. என் ஃபியட்டின் ஒயரிங் முழுவதையும் ஒரே வாரத்தில் கடித்துத் தீர்த்துவிட்டன. நெல் மூட்டையைக் கொட்டகையின் ஓரத்தில் அடுக்கி வைத்திருந்ததே காரணம்.

பதில் – பெசன்ட் நகர் உப்புக்காற்று

கோவை நண்பர் சொல்வது கோவைக்கு முற்றிலும் சரி. அங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உப்பைக் கொண்டுவருவதில்லை. கடலோரத்தில் அதே அறிவுரை வண்டியைக் கொன்றுவிடும் என்பதைப் பத்தாண்டு நஷ்டப்பட்ட பிறகுதான் நான் கற்றுக்கொண்டேன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டும்போது இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடத் தொடங்குகிறது. உப்புத்தூள் படிந்த இரும்பின் நிலை இன்னும் மோசம். சமையல் உப்பு ஏறத்தாழ 75 விழுக்காட்டு ஈரப்பதத்தில் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். அடுக்களையில் மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கும். சென்னைக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. ஆகவே திறந்த கொட்டகையில் நிற்கும் வண்டியின் மேல் ஒவ்வோர் இரவும் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் பூசப்படுகிறது என்றே கொள்ள வேண்டும். காற்றோட்டம் அந்த உப்பை அகற்றுவதில்லை, மேலும் மேலும் கொண்டுவந்து சேர்க்கிறது.

எனவே உங்களுக்கு வேண்டியது மூடிய அறை. நான்கு பக்கச் சுவர், கான்கிரீட் கூரை, அதன் மேல் வெயிலைத் திருப்பும் வெள்ளை ஓடு, ஓரங்களில் தூரிகைப் பட்டை பொருத்திய அலுமினிய ஷட்டர். தகரக் கூரை வேண்டாம். விடியற்காலையில் அதன் அடிப்புறத்தில் பனி பூத்து வண்டியின் மேலேயே சொட்டும். அறைக்குள் ஓர் ஈரநீக்கி இயந்திரம் வைத்து 50 விழுக்காட்டில் நிலைநிறுத்துங்கள். கம்ப்ரஸர் வகை ஈரநீக்கி வெப்பமான ஊரில் நன்றாக வேலை செய்யும். உங்கள் அறை அளவுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் பிடிக்கும் இயந்திரம் போதுமானதாக இருக்கும். தண்ணீர்த் தொட்டியை நாள்தோறும் காலி செய்ய யாருக்கும் நினைவிருக்காது என்பதால், அதை மூன்றடி உயரப் பலகையில் வைத்து, குழாய் வழியே தண்ணீர் தானாக வெளியே வடியும்படி செய்யுங்கள். ஈரமானி ஒன்றைக் காரின் அடிப்பகுதி உயரத்திலும் மற்றொன்றைத் தலை உயரத்திலும் மாட்டினால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தரை ஈரம் கசிகிறதா என்பது தெரிந்துவிடும்.

ஏ.சி. வைக்கலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். அப்பா வேலை செய்யும்போது அது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் குளிர்ந்த அறையிலிருந்து வெளியே வந்தவுடன் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவதைக் கவனித்திருப்பீர்கள். அறையை 22 டிகிரிக்குக் குளிரவைத்துவிட்டு ஷட்டரைத் தூக்கினால், குளிர்ந்து கிடக்கும் இரும்பு முழுவதிலும் அதே ஆவி படியும். வைப்பதானால் 28 டிகிரிக்குக் கீழே போகாதீர்கள்; ஷட்டரைத் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணைத்துவிடுங்கள்.

மாமல்லபுரம் போய் வந்த அன்றே வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவி, வெளியே சரிவுப் பாதையில் அரை மணி நேரம் காயவிட்டு உள்ளே ஏற்றுங்கள். உப்போடு உள்ளே போன வண்டியை எந்த இயந்திரத்தாலும் காப்பாற்ற முடியாது. சுவரில் அடிக்கும் போல்ட்டும் கொக்கியும்கூடத் துத்தநாகத்தில் முக்கியெடுத்தவையாகவோ கடலோரத்துக்கான 316 வகை எவர்சில்வராகவோ இருக்கட்டும்.

பதில் – பட்டறை முப்பது ஆண்டு

மேலே எழுதியவர்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அறையை மூடுகிறோம் என்றால் நெருப்பையும் நச்சுக்காற்றையும் பற்றி இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும். உங்கள் வண்டிகள் இரண்டின் பெட்ரோல் தொட்டிகளும் கார்புரேட்டர்களும் வெளிக்காற்றோடு தொடர்புடையவை. சிறிது ஆவி எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். அது தரையோரம் தேங்கும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜனோ கூரையோரம் சேரும். ஆகவே தரையிலிருந்து அரை அடி உயரத்தில் ஒன்றும், கூரையை ஒட்டி ஒன்றுமாக, மூடித் திறக்கும் தட்டு வைத்த இரண்டு காற்றுவழிகள் அமையுங்கள். கீழ்வழிக்கு, தீப்பொறி எழாத மோட்டார் கொண்ட காற்றாடி பொருத்தி, அதன் சுவிட்சை அறைக்கு வெளியே வையுங்கள். அறைக்குள் நுழைவதற்கு முன் பத்து நிமிடம் அதை ஓடவிட்டால் போதும், ஈரநீக்கியின் உழைப்பு வீணாகாது. பிளக் பாயிண்ட், ஈரநீக்கி, இன்வெர்ட்டர் எதுவும் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் கீழே இருக்கக் கூடாது. எஞ்சினை உள்ளே ஓடவிடவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தலைச்சுற்றல் வரும்போது காலம் கடந்திருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களை அது ஊறவைத்துப் பிளக்கும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை இரண்டு வண்டிகளுக்கும் மாற்றிவிட்டுத்தான் மூடிய அறைக்குள் ஏற்ற வேண்டும். பேட்டரிக்குப் பித்தளைத் திருகு வைத்த துண்டிப்பானைப் பொருத்தி, வண்டியை நிறுத்தியவுடன் அதைக் கழற்றிவிடும்படி அப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீயணைப்பானில் ஏ.பி.சி. தூள் வகை எல்லோரிடமும் இருக்கும். நெருப்பை அது அடக்கும் என்றாலும், அந்தத் தூள் ஈரம் பட்டவுடன் உலோகத்தை அரிக்கும். எஞ்சின் அறையில் பட்டால் முழுவதையும் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும். முதலில் எடுப்பதற்கு 4.5 கிலோ கார்பன் டை ஆக்சைடு ஒன்று, அடங்காவிட்டால் எடுப்பதற்கு 6 கிலோ தூள் ஒன்று, இரண்டையும் கதவோரத்தில் மாட்டுங்கள்.

இனி லிஃப்ட். இரண்டு தூண் லிஃப்டில் அடிப்பகுதி முழுவதும் கைக்கு எட்டும். ஆனால் சக்கரங்கள் தொங்கும் நிலையில் வண்டியை மாதக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. நான்கு தூண் லிஃப்டில் வண்டி தன் சக்கரத்திலேயே நிற்கும், ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தவும் முடியும். அதற்குக் கூரை 12 அடியாவது வேண்டும். அப்பாவின் முழங்காலை நினைத்துப் பார்த்தால் இந்த இரண்டையும்விட, ஒரு மீட்டர் அளவுக்கு மட்டும் உயரும் கத்தரி லிஃப்டையே நான் சொல்வேன். சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்தபடியே பிரேக், ஸ்டீரிங் கம்பிகள், கதவடித் தகடு எல்லாவற்றையும் நேர்க் கண் மட்டத்தில் பார்க்கலாம். குனியவும் வேண்டாம், மல்லாந்து படுக்கவும் வேண்டாம். நடுப்பகுதியை லிஃப்டே மறைத்துக்கொள்ளும் என்பதால் கியர்பாக்ஸ் இறக்க முடியாது. அந்த வேலையை 71 வயதில் வீட்டில் செய்யவும் வேண்டாம். எந்த லிஃப்டாக இருந்தாலும் உயர்த்திய பின் பூட்டு விழும் சத்தத்தைக் கேட்காமல் கையை உள்ளே நீட்டக் கூடாது.

விளக்கைத் தலைக்கு மேல் மட்டும் வைத்தால் காரின் பக்கங்கள் இருட்டாகவே இருக்கும். இரு பக்கச் சுவர்களிலும் இடுப்பு உயரத்தில் எல்.இ.டி. குழல் விளக்குகளைக் கிடையாக மாட்டுங்கள். 5000 கெல்வின் வெள்ளை ஒளியும், நிறத்தை உள்ளபடி காட்டும் குறியீடு 90க்கு மேலும் இருந்தால், பெயிண்டில் கொப்புளம் எழுவது தொடக்கத்திலேயே தெரியும். பிளக் பாயிண்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும், லிஃப்டுக்கும் காற்றடிக்கும் கம்ப்ரஸருக்கும், மின்சுமை மிகுந்தால் துண்டிக்கும் எம்.சி.பி. தனித்தனியாகவும் அவசியம். கம்ப்ரஸரை வெளியே நிழலில் ஒரு சிறு பெட்டி கட்டி வைத்துவிட்டால் சத்தம் உள்ளே வராது.

நீலாங்கரை மகள்

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் என் நன்றி. பொறியாளர் ஐயா சொன்ன பிளாஸ்டிக் தாள் சோதனையை, இப்போது கார்கள் நிற்கும் பழைய சிமெண்ட் தரையில் செய்து பார்த்தேன். மறுநாள் காலையில் தாளின் அடியில் கோத்த மணிபோலத் தண்ணீர் நின்றது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சற்று நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இத்தனை வருடம் வண்டியைத் தண்ணீரில்தான் நிறுத்தியிருக்கிறேன்" என்று சொன்னார். அதன் பிறகு அவர் குழியைப் பற்றிப் பேசவில்லை. மூடிய அறை, கத்தரி லிஃப்ட் என்று முடிவாகிவிட்டது. நான்கு தூண் லிஃப்ட் பிற்காலத்தில் தேவைப்பட்டால் வைக்கலாம் என்று கூரையை மட்டும் 12 அடியாகக் கட்டுகிறோம். ஹெரால்டு 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும் என்பதால் அதற்கு உள்பக்க இடத்தையும், அம்பாசிடருக்குப் பாதைக்கு நேராக உள்ள இடத்தையும் ஒதுக்கியிருக்கிறேன். லிஃப்டை ஹெரால்டு நிற்கும் பக்கம் பொருத்தி, பின்சுவரை ஒட்டி இரண்டரை அடி அகல மேசையும் அதன் மேல் கருவிப் பலகையும் போடலாம் என்று நினைக்கிறேன். இதில் ஏதாவது பிழை உண்டா?

பதில் – அடையாறு கட்டடப் பொறியாளர்

ஒன்று உண்டு. ஹெரால்டின் முன்பகுதி முழுவதும், மட்கார்டும் விளக்குகளும் உட்பட ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும் என்பதை மறந்துவிட்டீர்கள். எஞ்சினைப் பார்க்க முன்சக்கரத்தின் மேல் உட்கார வசதியான அந்த அமைப்புக்காகவே உங்கள் அப்பா அந்த வண்டியை நேசிக்கிறார் என்று நினைக்கிறேன். மேசையைப் பின்சுவரில் போட்டால் பானெட் அதில் இடிக்கும். வண்டியை அந்த இடத்தில் நிறுத்தி, பானெட்டை முழுவதும் சாய்த்து, அதன் முனையிலிருந்து இன்னும் இரண்டு அடி விட்டுத் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். லிஃப்டில் ஏற்றிய நிலையிலும் அதே இடம் வேண்டும். மேசையைப் பக்கச் சுவருக்கு மாற்றி, அப்பா உட்கார்ந்தே வேலை செய்ய ஏற்றவாறு 28 அங்குல உயரத்தில் அமையுங்கள். கோடு போட்ட பிறகு அளவுகளை இங்கேயே எழுதினால், லிஃப்டின் அடியில் கம்பியை எந்த இடைவெளியில் கட்ட வேண்டும் என்று வரைந்து அனுப்புகிறேன்.